அம்மன் செய்த தவத்தைக் கல்யாணப் பரிகாரமாகச் சுருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி மாத ஆன்மிக இணைப்பு பற்றித்தான் எழுதுகிறேன். படங்கள் அருமை, நடை திறக்கும் நேரம், போகும் வழி எல்லாம் விவரமாகப் போட்டிருந்தீர்கள், அதற்கு முதலில் நன்றி. ஆனால் மாங்காடு, காஞ்சிபுரம், சங்கரன்கோவில், கன்னியாகுமரி என்று அம்மன் தவம் இருந்த தலங்களாகத் தேடிப் பிடித்து எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் "இங்கே வந்து வேண்டிக்கொண்டால் திருமணத் தடை நீங்கும்" என்றே முடித்திருப்பதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. உங்கள் பத்திரிகை மட்டும் இப்படிச் செய்கிறது என்று சொல்ல வரவில்லை, டிவியில் காலை நேர நிகழ்ச்சிகளும் யூடியூப் சேனல்களும் இதையேதான் சொல்கின்றன. வேண்டிக்கொள்ளப் போகிற பெண்களையும் நான் குறை சொல்லவில்லை, கல்யாணம் நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பதில் ஒரு தப்பும் கிடையாது.

என் வருத்தம் வேறு. ஒரு பெண் தெய்வம் ஐந்து நெருப்புக்கு நடுவே, ஊசி முனையில் இடது கால் பெருவிரலை ஊன்றி நின்றாள் என்று மாங்காட்டில் நாமே சொல்கிறோம். அந்தத் தவம் அவளுக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால், புருஷன் கிடைத்தார் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஒரு முனிவர் தவம் செய்தால் அவருக்கு ஞானம் வந்தது, வாக்குப் பலித்தது, அரசன் எழுந்து நின்று வணங்கினான் என்றெல்லாம் சொல்கிற நாம், பெண் செய்த தவத்துக்கு மட்டும் ஏன் இப்படி ஒரே பலன் எழுதி வைத்திருக்கிறோம்? நம் கோவில்கள் சொல்கிற கதை அப்படி இல்லை என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலையே எடுத்துக்கொள்வோம். ஆடித் தபசு என்று 12 நாள் திருவிழா, தென் மாவட்டங்களே திரண்டு வரும், விவசாயிகள் பருத்தியும் மிளகாயும் நெல்லும் கொண்டுவந்து அம்மன் சப்பரத்தின் மேல் சூறை விடுவார்கள். கோமதி அம்மன் எதற்காகத் தவம் இருந்தாள்? சங்கன், பதுமன் என்று இரண்டு நாகர்கள், ஒருவன் சிவ பக்தன், இன்னொருவன் திருமால் பக்தன், யாருடைய சாமி பெரியவர் என்று அவர்களுக்குள் தீராத வழக்கு. அந்த வழக்குக்குத் தீர்வு வேண்டித்தான் அம்மன் புன்னை வனத்துக்கு வந்து ஒற்றைக் காலில் நின்றாள், இரண்டும் ஒன்றே என்று காட்டு என்று கேட்டாள், சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்தது. அவள் அப்போதே சிவனின் மனைவி. மாப்பிள்ளை தேட வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. கடவுளின் உருவம் பற்றிய ஒரு பெரிய கேள்விக்குப் பதில் கேட்டு ஒரு பெண் தனியாக நின்று தவம் செய்தாள், கடவுளும் அந்தப் பதிலைத் தன் உடம்பாலேயே கொடுத்தார். சைவமும் வைணவமும் எவ்வளவோ காலம் மோதிக்கொண்ட தமிழ்நாட்டில் இந்த வழக்கைத் தீர்த்து வைத்தவள் என்று ஒரு பெண்ணைச் சொல்கிற தலம் இது. அதைப் போய்த் திருமணத் தடை என்ற ஒரு வரிக்குள் அடக்கிவிட்டீர்களே!

திருமணத்துக்காக அம்மன் தவம் இருக்கிற தலங்களும் உண்டு, மறுக்கவில்லை. நெல்லையில் ஐப்பசி மாதம் காந்திமதி அம்மன் தபசுக்குப் போவது திருக்கல்யாணத்துக்கு முன்னால்தான். ஆனால் சமயபுரத்தைப் பாருங்கள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் மாரியம்மன் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் தளிகை, அதாவது சமைத்த படையல், கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், கரும்பு, இளநீர் இவைதான் நைவேத்தியம். யாருக்காக அந்த விரதம்? உலகத்து உயிர்கள் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று. பக்தர்கள் சாமிக்காகப் பட்டினி கிடப்பது எல்லா ஊரிலும் உண்டு, பக்தர்களுக்காகச் சாமியே பட்டினி கிடக்கிற ஊர் சமயபுரம். ஊரைக் காக்கிற அதிகாரம் அவளுக்கு அந்தப் பட்டினியிலிருந்து வருகிறது என்று அங்கே போகிற கூலிக்காரப் பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

திருவானைக்காவல் இன்னும் ஒரு படி மேலே. அகிலாண்டேஸ்வரி அங்கே நீரில் லிங்கம் பிடித்து வைத்துத் தவம் செய்தவள், சிவனிடம் உபதேசம் வாங்கியவள். அவர் குரு, இவள் மாணவி. அதனாலேயே அந்தக் கோவிலில் சுவாமிக்கும் அம்மனுக்கும் திருக்கல்யாணம் நடத்துவதில்லை. இவ்வளவு பெரிய சிவாலயத்தில், அம்மன் செய்த தவத்தின் பலன் கல்யாணம் இல்லை, ஞானம் என்று வழிபாட்டு முறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு, கிரீடம் வைத்து, அம்மனாகவே வந்து ஜம்புகேஸ்வரருக்குப் பூஜை செய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மேளதாளத்தோடு அவர் வருகிற அழகே அழகு. அந்தப் பூஜையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி வரத்தான் செய்கிறது. பெண்ணாக இருந்துதான் செய்ய வேண்டிய பூஜை என்று மரபே ஒப்புக்கொள்கிறது, அதற்காக ஓர் ஆண் புடவை கட்டவும் மரபு இடம் கொடுக்கிறது, ஆனால் பிறப்பிலேயே பெண்ணானவள் அந்த இடத்தில் நிற்க மட்டும் வழி இல்லை. ஏன்?

கற்றவள் மட்டுமா, கற்பித்தவளும் அவள்தான். கேன உபநிடதத்தில் அசுரர்களை வென்றுவிட்டோம் என்று தேவர்கள் பெருமைப்பட்டபோது, எதிரே வந்து நின்ற யட்சன் யார் என்று அக்கினிக்கும் தெரியவில்லை, வாயுவுக்கும் தெரியவில்லை, கடைசியில் இந்திரனுக்கு அது பிரம்மம் என்று சொல்லிக்கொடுத்தவள் இமவான் மகள் உமை. அதற்கும் முன்னால் ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலத்தில், சண்டி பாராயணத்தோடு இன்றைக்கும் சேர்த்துச் சொல்கிறோமே தேவி சூக்தம், அதைக் கண்டவர் அம்பிருண முனிவரின் மகள் வாக் என்ற பெண். நான்தான் ருத்திரர்களோடும் வசுக்களோடும் உலாவுகிறேன் என்று அந்தப் பெண் தன்னைப் பற்றியே பேசுகிறாள். சக்தி வழிபாட்டின் ஆதி மந்திரங்களில் ஒன்று ஒரு பெண்ணின் வாயிலிருந்து, தன்மை இடத்தில் வந்தது.

இப்போது கன்னியாகுமரி. அங்கே கதை திருமணத்துக்கான தவமாகத்தான் தொடங்குகிறது, சரி. சுசீந்திரத்திலிருந்து சிவன் மாப்பிள்ளையாகக் கிளம்பி வருகிறார், நாரதர் சேவலாகக் கூவி முகூர்த்தம் தப்பிப் போகிறது, கல்யாணச் சாமான் எல்லாம் மணலாகக் கிடக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் அந்தத் தலத்தின் பெருமை. அவள் கன்னியாகவே நின்றாள், பாணாசுரனை வதைத்தாள், கன்னிப் பெண் கையால் மட்டுமே அவனுக்குச் சாவு. கல்யாணம் நடந்திருந்தால் உலகம் காப்பாற்றப்பட்டிருக்காது என்று சொல்கிற கதை இது. விஜயதசமி அன்று அம்மன் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போகிறாள், கூட்டம் பின்னாலேயே போகிறது. இந்தக் கோவிலுக்கும் நல்ல வரன் அமையும் என்று எழுதியிருக்கிறீர்கள். மணமாகாமல் நிற்பதையே தன் பலமாகக் கொண்ட தெய்வத்தை இதைவிடத் தவறாகப் படிக்க முடியுமா என்று தெரியவில்லை.

கன்னியாகுமரி பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இதுதான் நான் பேனா எடுத்ததற்கே காரணம். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் செங்கடலிலிருந்து இந்தியக் கரை வரைக்குமான வணிக வழிகளைக் குறித்து வைத்திருக்கிறார், பெரிப்ளூஸ் என்று சொல்வார்கள். மிளகு, முத்து, துறைமுகம், காற்று என்று சரக்குக் கணக்காகவே போகிற அந்தக் குறிப்பு குமரிக்கு வந்ததும் வேறு விஷயம் பேசுகிறது. மீதி வாழ்நாளைப் புனிதமாகக் கழிக்க நினைக்கிற ஆண்கள் இங்கே வந்து நீராடி, பிரம்மச்சரியத்தோடு தங்குகிறார்கள், பெண்களும் அப்படியே செய்கிறார்கள், ஏனென்றால் ஒரு பெண் தெய்வம் முன்பு இங்கே தங்கி நீராடியதாகச் சொல்கிறார்கள் என்கிறது. பெண்களும் அப்படியே செய்கிறார்கள்! தத்துவம் பேச வராத, மிளகு விலை பார்க்க வந்த ஒரு வெளியூர்க்காரர் கண்ணில் பட்ட காட்சி இது. அம்மன் தவம் செய்தாள் என்பதற்காகவே ஊரையும் உறவையும் விட்டு வந்து அந்தக் கரையில் குடியிருந்த தமிழ்ப் பெண்கள் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பேரும் நமக்குக் கிடைக்கவில்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் நீந்திப் போய்த் தியானம் செய்த பாறை என்று எல்லோருக்கும் தெரிகிறது, நல்ல விஷயம். அவர் அங்கே போனதே அம்மனின் திருப்பாதம் பதிந்த இடம் என்பதால்தானே. அந்த அம்மனைத் தேடி அவருக்கு 1,800 ஆண்டு முன்னாலேயே பெண்கள் வந்து தங்கியிருந்தார்கள் என்பதையும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாமே.

அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகவும் இல்லை. அதே குமரிக் கரையில் மாயம்மா என்று ஓர் அம்மையார் தெருநாய்கள் சூழ, கந்தல் துணியோடு, யாரிடமும் எதுவும் கேட்காமல் பல காலம் இருந்தார், 1992இல் சேலத்தில் சமாதி அடைந்தார். எந்த ஊர், யார் பெண் என்று யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்கள் சிலர் பைத்தியம் என்றார்கள், சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டவர்கள் அவரை என்னவாகப் பார்த்தார்கள் தெரியுமா, குமரி அம்மனான பகவதியாகவே.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. பெண் சொல்வதைச் சபை கேட்க வேண்டும் என்றால் அவள் மேல் சாமி வர வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். சிலப்பதிகாரத்தில் எயினர் என்ற வேட்டுவர்களின் ஊர் மன்றத்தில் சாலினி மேல் கொற்றவை வந்து பேசுகிறாள், எல்லோரும் கேட்கிறார்கள். இன்றைக்கும் ஆடி வெள்ளியில் அருள் வந்து ஆடுகிற அக்காவிடம் ஊர்ப் பெரியவர்கள் கைகட்டி நின்று குறி கேட்கிறார்கள். ஏன் மழை இல்லை, எவன் கோவில் நிலத்தை அமுக்கி வைத்திருக்கிறான் என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டால் பதில் பேச ஆள் கிடையாது. அருமையான இடம் அது, அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கற்பூரம் அணைந்து, திருநீறு போட்டு, தண்ணீர் தெளித்து மலையேறியதும் அந்தப் பேச்சு அம்மனுடைய பேச்சாகப் போய்விடுகிறது, அவள் பழையபடி வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். மறுநாள் அவளே தன் வாயால் அதே நியாயத்தைச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. தவம் அப்படி இல்லை. தவத்தால் வந்தது அவளுடைய சொந்தச் சம்பாத்தியம், அவளை விட்டுப் போகாது, அதை வைத்து அவள் சீடர்களைச் சேர்க்கலாம், தீட்சை கொடுக்கலாம், மடம் நடத்தலாம், ஒரு ஆணைப் பார்த்து நீ செய்வது தப்பு என்று சாதாரண நாளில் சொல்லலாம். அருள் வந்த பெண்ணை ஏற்றுக்கொள்கிற சமூகம் தவம் செய்த பெண்ணைக் கண்டால் மிரளுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், நம் வீடுகளிலேயே பெண்கள் தவம் செய்யாமலா இருந்தார்கள்? கணவனை இழந்த பெண் ஒரு வேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை, மழித்த தலை, ஒரே நிறப் புடவை என்று வாழ்நாள் முழுக்க இருந்தாள், பத்து வயதிலும் இருந்தாள். ஒரு சந்நியாசியின் நியமத்துக்கு எந்த விதத்திலும் குறையாத நியமம் அது. அதே நியமத்தை ஓர் ஆண் எடுத்துக்கொண்டால் பீடத்தில் உட்கார வைத்துப் பாதபூஜை செய்கிறோம். அவள் எதிரே வந்தால் சகுனத்தடை என்று திரும்பிப் போனார்கள். தவத்தின் கஷ்டம் முழுவதையும் அவள் தலையில் கட்டி, தவத்தின் மரியாதையில் ஒரு துளிகூட அவளுக்குத் தராத கொடுமை அது, இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கொடுமைக்குள்ளிருந்தே எழுந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் உங்கள் இணைப்பில் ஒரு வரி இல்லை. செங்கோட்டை ஆவுடையக்காள், ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர், விவரம் தெரியாத வயதிலேயே விதவையானவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்று, அத்வைதத்தைப் பேச்சுத் தமிழில், கும்மியாகவும் அம்மானையாகவும், அடுப்படியில் வேலை செய்துகொண்டே பாடுகிற மாதிரிப் பாடி வைத்தார். மடி, தீட்டு, எச்சில் என்று அவரை ஒடுக்கிய ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, பிரம்மத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஊர் அவரைத் தள்ளி வைத்தது. பாட்டை மட்டும் யாராலும் தள்ளி வைக்க முடியவில்லை, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் வாய்வழியாகவும் நோட்டுப் புத்தகத்திலும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். கடைசியில் குற்றால மலைக்குப் போனவர் திரும்பவில்லை என்பார்கள்.

சக்கரை அம்மாள் இன்னும் கிட்டத்தில் இருக்கிறார், சென்னையிலேயே, திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா சாலையில் அவர் சமாதி கோவிலாக இருக்கிறது. தேவிகாபுரத்தில் பிறந்தவர், சிறு வயதில் கோமளீஸ்வரன்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து ஸ்ரீசக்கர உபாசனையும் தியானமுமாக இருந்து சித்தி அடைந்தவர் என்று சொல்கிறார்கள். அவருடைய குரு போளூர் மலையில் இருந்த குணாம்பாள் என்ற இன்னொரு பெண். பெண்ணுக்குப் பெண் குரு! சென்னையின் பெரிய டாக்டரான நஞ்சுண்ட ராவ் அவர் காலடியில் சீடராக உட்கார்ந்தார், 1901இல் அம்மாள் மறைந்தபோது சமாதி அமைத்தவரும் அந்தச் சீடர்தான். நூறு வருஷத்துக்கு முன் தலைநகரத்தில், அமங்கலி என்று ஒதுக்கப்பட்ட பெண் ஒருவர், படித்த ஆண்களுக்கு ஞானம் சொல்லும் இடத்தில் இருந்திருக்கிறார். தந்திர நூல்கள் சில பெண் குரு கொடுக்கிற தீட்சையைத் தனியாகச் சிறப்பித்துப் பேசுகின்றன, லலிதா சகஸ்ரநாமத்திலேயே அகத்தியரின் மனைவி லோபாமுத்ரையால் பூஜிக்கப்பட்டவள் என்று அம்பாளுக்கு ஒரு பேர் இருக்கிறது. ஆக இது எங்கோ ஓர் ஓரத்தில் நடந்த விதிவிலக்கும் இல்லை.

வங்காளத்திலும் இதே கதைதான். தட்சிணேசுவரம் காளி கோவிலை 1855இல் கட்டியவர் ராணி ராஸ்மணி என்ற கணவரை இழந்த பெண், சாதியைக் காரணம் காட்டி அங்கே பூஜை செய்யப் பண்டிதர்கள் தயங்கினார்கள். அந்தக் கோவிலுக்கு வந்த ராமகிருஷ்ணருக்குத் தந்திர சாதனைகளைப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தவர் பைரவி பிராம்மணி என்ற பெண் துறவி, இவர் அவதாரம் என்று பண்டிதர் சபையில் வாதாடியவரும் அவரே. இன்றைக்கு அவருக்கு எங்கே கோவில் இருக்கிறது? ஆனாலும் வங்காளம் ஒன்று செய்தது, ராமகிருஷ்ணரின் மனைவி சாரதா தேவியின் நூற்றாண்டை ஒட்டி 1954இல் சாரதா மடத்தைத் தொடங்கி, 1959இல் அதை முழுக்கப் பெண் துறவிகளின் நிர்வாகத்திலேயே தனியாக விட்டார்கள். நம் சைவ ஆதீனங்களில் அப்படி ஒரு இருக்கை பெண்ணுக்குக் கிடையாது.

இத்தனைக்கும் சைவத்தின் வாசலிலேயே காரைக்கால் அம்மையார் இருக்கிறார். 63 நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பதைக் கோவிலில் பார்க்கலாம். அவர் பதிகங்களை மூத்த திருப்பதிகம் என்று சொல்வதே தேவாரத்துக்கு முந்தியவை என்பதால்தான். இவள் மனுஷி இல்லை என்று பயந்து ஓடிய கணவன் பரமதத்தன், மறுமணம் செய்து பெற்ற குழந்தைக்குப் புனிதவதி என்று இவர் பேரையே வைத்து, குடும்பத்தோடு காலில் விழுகிறான். அந்த இடத்தில் அவர் அழவில்லை, திரும்பி வா என்று கேட்கவில்லை. கணவனுக்காகத் தாங்கிய இந்த அழகு இனி வேண்டாம் என்று சதையை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கினார், கைலாயத்துக்குத் தலையால் நடந்தார், சிவனே "அம்மையே" என்று அழைத்தார். அவர் தலையால் நடந்த திருவாலங்காட்டில் கால் வைக்கச் சம்பந்தரே தயங்கினார் என்கிறது பெரிய புராணம். இப்படி ஒருவரைப் பற்றி ஆனி மாதம் பத்திரிகைகளில் வருவது மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைக்கிற படமும், அதைப் பிடித்தால் குழந்தை பிறக்கும் என்கிற குறிப்பும்தான். அவர் பாடலிலிருந்து ஒரு வரிகூட அந்தப் படத்தின் கீழே இருப்பதில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்று யாராவது கேட்கலாம். 2024 ஏப்ரலில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மதுரையில் சித்திரைத் திருவிழாவின் 8ஆம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஆறுகால் பீடத்தில் கிரீடம் சூட்டிச் செங்கோல் கொடுப்பார்கள், அம்மன் சார்பில் அதைக் கோவில் அறங்காவலர் வாங்கிக்கொள்வார். அப்போது குழுத் தலைவராக இருந்தவர் கணவரை இழந்தவர் என்பதால் செங்கோலை அவர் வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டார்கள். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, நல்ல வேளை. ஆனால் மனுப் போட்டவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மீனாட்சிக்குப் பட்டம் 8ஆம் நாள், திருக்கல்யாணம் 10ஆம் நாள். நடுவே 9ஆம் நாள் திக்விஜயம். முடிசூடும்போது, எட்டுத் திக்கும் படையெடுத்துப் போகும்போது அவளுக்குக் கணவன் எங்கே இருந்தான்? செங்கோல் அவளுக்கு அவள் தகுதியால் வந்தது, தாலியால் வரவில்லை. அந்தச் செங்கோலைத் தொடுவதற்கு மட்டும் பக்கத்தில் கணவன் இருக்க வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்கிறோம்? அதற்கு முந்தைய வருஷம், 2023இல், ஈரோடு மாவட்டத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணைக் கோவிலுக்குள்ளேயே வரக் கூடாது என்று தடுத்து, அதுவும் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

ஆகமம் இடம் தராது என்று ஒரு பதில் வரும், தெரியும். ஆகமக் கோவில்களின் வழக்கை ஒரு கடிதத்தில் தீர்க்க முடியாது, அதை ஆகமம் படித்தவர்களும் நீதிமன்றமும் பேசட்டும். ஆனால் நம் அம்மன் கோவில்களில் மிகப் பெரும்பாலானவை ஊர்க் கோவில்கள், தெருக் கோவில்கள், அங்கே ஆகமம் கிடையாது, வழக்கம்தான். 2008இல் உசிலம்பட்டிப் பக்கம் துர்க்கை அம்மன் கோவில் ஒன்றில் பூசாரியான அப்பாவுக்குப் பிறகு மகள் பூஜை செய்யக் கூடாது என்று ஊரில் சிலர் எதிர்த்தபோது, பெண் என்பதற்காகத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு கொடுத்தது. மேல்மருவத்தூரில் பல்லாண்டாகப் பெண்கள் கருவறைக்குள்ளேயே போய்ப் பூஜை செய்கிறார்கள், மாதவிலக்கு அங்கே தடை இல்லை, எந்த அம்மனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அங்கேயும் அம்மாவாக இருந்து அருள்வாக்குச் சொன்னவர் ஓர் ஆண்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம், அம்மன் மேல் உள்ள பக்தியில்தான் எழுதுகிறேன். அடுத்த ஆடி இணைப்பில் கோமதியின் தவத்தைப் பற்றி எழுதும்போது அவள் எதைக் கேட்டாள் என்பதை எழுதுங்கள். திருவான்மியூர் சமாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆவுடையக்காள் பாட்டில் ஒன்றைப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள், குமரியைப் பற்றி எழுதும்போது அந்தக் கிரேக்கக் குறிப்பைச் சேருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது செய்திப் பிரிவுக்கு. 2021இல் சென்னையை ஒட்டிய மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோவிலில் ஒரு பெண்ணை ஓதுவாராக நியமித்தபோது முதல் பக்கத்தில் படம் போட்டீர்கள். 2023 செப்டம்பரில் ஸ்ரீரங்கம் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தபோதும் பெரிதாக எழுதினீர்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது? அந்தப் பெண்கள் இப்போது எந்தக் கோவிலில், எந்தச் சன்னிதியில், என்ன வேலை செய்கிறார்கள், கருவறைப் படியைத் தாண்ட அவர்களை விடுகிறார்களா, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதுங்கள். ஆடி முடிவதற்குள் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி